முதல் ஆல்பத்தில் பிசிறு தட்டும் இடங்கள்

வடசென்னையில் ப்ராக் ராக் (நீளமான, பகுதி பகுதியாகத் தாளம் மாறுகிற ராக் இசை) வாசிக்கிற இளைஞர்களின் முதல் ஆல்பத்தைக் கேட்டால் கை சுத்தமாகத்தான் இருக்கும். கிட்டார்காரர் சரளமாக வாசிப்பார். ட்ரம்மர் ஏழு, ஒன்பது எண்ணிக்கைத் தாளங்களில் தடுமாற மாட்டார். கீபோர்டில் நல்ல கற்பனை இருக்கும். ஆனாலும் முழுசாகக் கேட்டு முடிக்கும்போது இது கத்துக்குட்டி வேலை என்று காது சொல்லிவிடும். எங்கே என்று தேடிப் போனால் பெரும்பாலும் ஒட்டுகளில்தான் மாட்டும். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிற ஒட்டு, காலால் அடிக்கிற கிக் ட்ரம்மும் பேஸ் கிட்டாரும் சேருகிற ஒட்டு, மெட்டும் தமிழ்ச் சொல்லும் சேருகிற ஒட்டு. இவை தேறாவிட்டால் எந்த மைக்கை வாடகைக்கு எடுத்தாலும் பிசிறு போகாது.

வயதின் மேல் பழி போட முடியாது. ப்ராக்கின் முன்னோடிகளான கிங் கிரிம்சன் குழுவினர் முதல் ஆல்பம் போட்டபோது எல்லோரும் இருபதுகளில் இருந்த பையன்கள். 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு கஃபேயின் நிலவறையில் ஒத்திகையை ஆரம்பித்தார்கள். ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். அக்டோபரில் ஆல்பம் வந்தது, அதுவும் எட்டு ட்ராக் டேப் எந்திரத்தில். இன்று நம் கையில் இருக்கும் மடிக்கணினியில் ட்ராக்குக்குக் கணக்கே இல்லை. அவர்களிடம் இருந்ததும் நம்மிடம் இல்லாததும், பதிவுக்கு முன்னால் ஆட்கள் முன்னிலையில் வாசித்துத் தேய்த்த அந்த மாதங்கள்.

ஒட்டுப் போடுவது

ப்ராக் பாட்டு பத்து, பன்னிரண்டு நிமிடம் ஓடும். பல்லவி சரணம் என்று திரும்பித் திரும்பி வராமல் பகுதி பகுதியாக நகரும். இளம் குழுக்கள் செய்வது என்னவென்றால், ஆறு மாதத்தில் கிடைத்த நல்ல ரிஃப்களையெல்லாம் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்புத் துண்டுகளை) ஒரே கயிற்றில் கோப்பது. ஒவ்வொரு ரிஃபும் வெவ்வேறு வேகத்தில் பிறந்திருக்கும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பாட்டு நின்றுவிடும், சிம்பல் ஒன்று மெல்ல எழும், புது ரிஃப் தொடங்கும். ஒரு பாட்டில் ஒரு முறை என்றால் அது நாடகம். நான்கு முறை என்றால் நான்கு பாட்டைப் பசை போட்டு ஒட்டியது தெரிந்துவிடும்.

சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அட்சரத்தை (தாளத்தின் ஒரு எண்ணிக்கையின் நீளத்தை) மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் மாற்றுவது. நாலில் போகும் பகுதியின் அரை அட்சரமும் ஏழில் போகும் பகுதியின் அட்சரமும் ஒரே நீளம் என்று வைத்துக்கொண்டால் நிற்காமல் நழுவலாம். இரண்டாவது, விகிதத்தில் வேகம் மாற்றுவது. நிமிடத்துக்கு 120 தாள அடியில் போகிற பாட்டில், ஒன்றரை அடியைப் புது அடியாக எடுத்தால் வேகம் சரியாக 80 ஆகும். கடைசி இரண்டு சுற்றில் ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலில்) அந்த ஒன்றரை அடியை முன்கூட்டியே காட்டினால் கேட்பவர் காது தானாகத் தயாராகிவிடும். மூன்றாவது வழிதான் எளிது: எல்லாம் மாறினாலும் ஒரு வாத்தியம் மட்டும் மாறாமல் கடந்து போவது. பேஸில் பிடித்த ஒரே சுரம், கீபோர்டில் ஒரு சின்னத் திருப்பம், எதுவானாலும் போதும்.

ஒத்திகையில் முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசிப்பது நேர விரயம். ஒட்டுக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று, இதை மட்டும் இருபது முறை வாசியுங்கள். கடைசி ஐந்து முறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பதிவறையில் தனித்தனியாக, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது தலையசைத்துச் சைகை காட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

தகிட தகதிமி

ஒற்றைப்படைத் தாளங்களில் வெளிநாட்டுக் குழுக்கள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பழகுகிறார்கள். நமக்குத் தாளத்தை வாயால் சொல்கிற சொற்கட்டு இருக்கிறது. மூன்றுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி, ஒன்பதுக்குத் தகதிமி தகதகிட. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு அந்நியமே இல்லை.

இங்கே வரும் தப்பு நுட்பமானது. கிட்டார்காரர் ஏழை மூன்றும் நாலுமாக நினைத்திருப்பார். ட்ரம்மர் நாலும் மூன்றுமாக நினைத்திருப்பார். சுற்றின் மொத்தம் ஒன்றுதான், முதலடியில் இருவரும் சேர்ந்துதான் விழுவார்கள். ஆனால் உள்ளே ஸ்நேர் (ட்ரம்மரின் முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்) ஒரு இடத்தில், கிட்டார் அழுத்தம் வேறு இடத்தில். ஒத்திகை அறைச் சத்தத்தில் இது தெரியாது. பதிவில் ட்ராக்குகளைத் தனித்தனியாகப் போட்டுக் கேட்கும்போதுதான் பல் இளிக்கும். பாட்டின் வரைபடத் தாளில் 7 என்று மட்டும் எழுதாமல் 3+4 அல்லது 4+3 என்று பகுதிவாரியாக எழுதிவிடுங்கள். வேண்டுமென்றே மோதவிடுவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

கிளிக்கும், அதாவது வாசிக்கும்போது காதில் தாளம் காட்டுகிற ஒலியும், அப்படித்தான். மென்பொருள் தருகிற கிளிக் ஏழு அடியையும் ஒரே மாதிரி டிக் டிக் என்று அடிக்கும். அதை அணைத்துவிட்டு ஒரு தனி ட்ராக்கில், 3+4 என்றால் முதல் அட்சரத்திலும் நாலாவது அட்சரத்திலும் மட்டும் அடிக்கிற கிளிக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பு உடனே இளகும். வேகம் மாறுகிற எல்லா இடங்களையும் பதிவு நாளுக்கு முன்பே மென்பொருளில் வரைந்து, அந்தக் கிளிக்கை மட்டும் எல்லோருடைய போனுக்கும் அனுப்பி, வீட்டில் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ட்ரம்ஸ் நாலில் நிற்க, கிட்டார் ஏழில் சுழல்வது ப்ராக்கில் வழக்கமான விளையாட்டு. நாலின் ஒரு சுற்றில் எட்டு அரை அட்சரம், கிட்டாரின் ஒரு சுற்றில் ஏழு அரை அட்சரம் என்றால், இரண்டும் மறுபடி ஒன்றாக விழுவது 56 அரை அட்சரங்கள் கழித்து, அதாவது நாலின் ஏழு சுற்று முடிந்த பிறகு. பல குழுக்கள் நாலு சுற்றிலோ எட்டு சுற்றிலோ வெட்டிவிடுகின்றன, ஏனென்றால் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. அப்படி வெட்டினால் கேட்பவருக்கு யாரோ இடறி விழுந்த மாதிரி இருக்கும். ஏழு சுற்றும் போகவிட்டு வெட்டுங்கள். கணக்குத் தெரியாதவருக்கும் அந்த விழுதல் இனிக்கும்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்துக் குழுக்களுக்குக் கூடுதலாக ஒன்று கிடைத்திருக்கிறது: கானா. சட்டியும் டோலக்கும் கேட்டு வளர்ந்த ட்ரம்மருக்கு ஆறு அட்சர நடை ரத்தத்தில் ஊறியது. இதைப் பாட்டின் நடுவில் எட்டு சுற்று ஊறுகாயாகத் தொட்டுக்கொள்வதுதான் முதல் ஆல்பங்களில் நடக்கிறது. டோலக் வந்தால் முதல் நிமிடத்திலிருந்தே அதன் ஆறு, ட்ரம்ஸின் நாலோடு உறவாட வேண்டும். பன்னிரண்டு அரை அட்சரத்தை நாலு மூன்றாகவும் மூன்று நாலாகவும் பிரிக்கலாம் என்பதை வைத்தே ஒரு முழுப் பாட்டைக் கட்டலாம். டோலக்கின் சின்ன முகத்தைப் பாட்டின் சுருதிக்கு இழுத்துக் கட்டுங்கள். நம் ஊர்க் காற்றில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு டேக்குக்கு (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்வது ஒரு டேக்) ஒரு முறை ட்யூனரில் பார்த்தாக வேண்டும். மைக் இரண்டு, முகத்துக்கு ஒன்று. பிறகு ஒரு மைக்கின் துருவத்தை (ஒலி அலையின் மேல் கீழ்த் திசையை) திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் பெரிய முகமான தொப்பியின் கும் நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம் வரைதான் நன்றாகப் பிடிக்கும். ப்ராக்கின் பெரிய பாட்டுகள் இருபது நிமிடத்தை ஒட்டி நிற்பதற்கு அதுதான் காரணம். இன்று தடுக்க ஆளில்லை என்பதால் முதல் ஆல்பம் எழுபது நிமிடத்துக்குப் போய்விடுகிறது. நாற்பது நிமிடத்தில் நிறுத்துங்கள். மீதி நல்லதாக இருந்தால் இரண்டாவது ஆல்பத்துக்கு ஆகும்.

பத்துக்குப் பத்து அறை

நம் பக்கத்து வீடுகளில் பதிவுக்குக் கிடைக்கிற அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி போய்த் திரும்பும் தூரம் ஒரு அலைநீளமாகிற அதிர்வெண்ணில் அறை ஊதிக்கொள்ளும். பத்தடி என்றால் சென்னை வெப்பத்தில் சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று ஊதலும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த ஒரு சுரம் மட்டும் சுவரை ஆட்டும், பக்கத்து சுரங்கள் காணாமல் போகும். இது தெரியாமல் பேஸ்காரர் சரியாக வாசிக்கவில்லை என்று சண்டை போட்ட குழுக்கள் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறை கிடைத்தால் அதை எடுங்கள். இரண்டாவது ஊதல் 48 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், குவியல் கொஞ்சம் கலையும்.

முட்டை அட்டை ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே ஒன்றரை மீட்டர் நீளம். அதை ஒரு விரற்கடை அட்டை தடுக்காது. அது செய்வதெல்லாம் மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கி, அறையை இன்னும் கும்மென்று ஆக்குவது. வேண்டியது கனம். 100 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் (பாறை நார்) பலகைகளைத் துணியில் உறையிட்டு, நாலு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை, சுவரோடு ஒட்டாமல் குறுக்காக நிறுத்துங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், நார் நுரையீரலுக்கு ஆகாது. காசில்லை என்றால் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலையில் இரண்டிரண்டாக அடுக்கலாம். பாதிப் பலன் நிச்சயம். கேட்கிற நாற்காலியை அறையின் நட்டநடுவில் போடாதீர்கள். பன்னிரண்டு அடி நீளத்தில் முன்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி உட்கார்ந்தால் பேஸ் ஓரளவு நியாயமாகக் கேட்கும்.

சத்தம் வெளியிலிருந்து வருவது தனிக் கதை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் சரக்கு ரயில் போனால் சத்தம் காதுக்கு முன் தரைக்கு வரும். மைக் ஸ்டாண்டின் கால் வழியாகவே மைக்குக்குள் ஏறும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் பாயோ மடித்த கம்பளியோ வையுங்கள். பாட்டு மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டியைப் போடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவில்தான் அதிகம். எனவே இரவு என்றால் அமைதி என்று நம்பிவிட முடியாது. பதிவுக்கு ஒரு வாரம் முன் அறையில் மைக்கை வைத்து, வாசிக்கும்போது வைக்கப்போகும் அதே அளவில், வெவ்வேறு நேரங்களில் பத்து பத்து நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்து பாருங்கள். ஒலி அளவு காட்டும் மீட்டர் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே நிற்கும் நேரம் எதுவோ அதுதான் உங்கள் பாட்டு நேரம்.

ஆடி மாதத்தில் தேதி குறிக்காதீர்கள். தெருவுக்குத் தெரு அம்மன் கோவில், கோவிலுக்குக் கோவில் ஒலிபெருக்கி. அது ஊரின் கொண்டாட்டம், நாம்தான் ஒதுங்க வேண்டும். நம் சத்தமும் அவர்களுக்குத் தொல்லைதான் என்பதை மறக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ட்ரம்ஸ் பக்கத்தில் நின்றால் நூறைத் தாண்டும். ஆகவே ட்ரம்ஸை வாடகை ஜாமிங் அறையில் பகலில் இரண்டே நாளில் முடித்துக்கொள்ளுங்கள். கிட்டார், பேஸ், கீபோர்டு மூன்றையும் ஆம்ப் இல்லாமல் நேராக இண்டர்ஃபேஸில் (வாத்தியத்தை மடிக்கணினியோடு இணைக்கும் பெட்டியில்) செருகி வீட்டிலேயே பதிவு செய்யலாம், எந்த நேரத்திலும்.

ட்ரம்ஸுக்கு நாலு மைக் போதும்

எட்டு மைக் வைத்தால் நல்லது என்பது பழகியவர்களுக்குச் சொன்னது. முதல் ஆல்பத்தில் எட்டு மைக் என்றால் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு ஸ்நேர் காகிதம் மாதிரி மெலியும். கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே இரண்டு.

மேலே உள்ள இரண்டையும் கண்ணால் அளக்காதீர்கள். ஒரு நூலை எடுத்து ஸ்நேரின் நடுவில் பிடித்து, ஒரு மீட்டர் நீளத்தில் முடிச்சுப் போடுங்கள். ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேலே அந்த முடிச்சில். இன்னொன்று, தரையில் நிற்கும் பெரிய ட்ரம்மான ஃப்ளோர் டாம் பக்கம், அதே முடிச்சில். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 35 செ.மீ.தான் நகரும். ஒரு மைக் ஒரு சாண் தள்ளியிருந்தாலும் ஸ்நேர் இரண்டு முறை வந்து சேரும், நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். பிறகு கிக், ஸ்நேர் ட்ராக்குகளின் துருவத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேளுங்கள். எதில் அடி கனமாக விழுகிறதோ அதுதான் சரி.

மைக்கைவிடத் தோல் முக்கியம். வாடகை அறையின் ட்ரம் தோல் நூறு பேர் அடித்து ஓய்ந்ததாக இருக்கும். ஸ்நேருக்கு மேல் தோல் மட்டுமாவது புதிதாக வாங்கி, முந்தின நாளே மாட்டி இழுத்து வைத்துவிடுங்கள். புதுத்தோல் முதல் சில மணி நேரம் இளகிக்கொண்டே போகும். கிக் உள்ளே ஒரு தலையணை, முன்தோலையும் பின்தோலையும் லேசாகத் தொடுகிற அளவுக்கு. நிரப்பி அடைத்தால் அட்டைப்பெட்டிச் சத்தம்தான் வரும்.

உள்ளே வாங்கும் அளவில் பேராசை வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ட்ரம்மர் சோதனையின்போது அடிப்பதைவிடப் பாட்டின் உச்சத்தில் கண்டிப்பாகப் பலமாக அடிப்பார். ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்.பி. பிடிக்கும். பன்னிரண்டு நிமிடப் பாட்டு, பதினாறு ட்ராக் என்றால் ஒரு டேக்குக்கே 1.6 ஜி.பி.க்கு மேல். போகும் முன் மடிக்கணினியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டேக் நடுவில் டிஸ்க் நிரம்பினால் அந்த வாசிப்பு திரும்பி வராது.

உப்புக் காற்றும் கரண்டும்

காசிமேடு, இராயபுரம் பக்கம் கிட்டார் கம்பி ஒரு வாரத்தில் கறுத்துவிடும். பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி போட்டு இழுத்துவிடுங்கள். பன்னிரண்டாவது கட்டையில் பிடித்த சுரமும் அதே இடத்தில் தொட்டெடுக்கிற மணிச் சுரமும் ஒத்துப்போகிறதா என்று கம்பி கம்பியாகப் பாருங்கள். பேஸ் கிட்டாருக்கு இதை யாரும் செய்வதில்லை, முதல் ஆல்பத்தில் சுருதி பிசகுவது பாதி அங்கேதான். ஒவ்வொரு டேக் முடிந்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடையுங்கள்.

கண்டென்ஸர் என்கிற நுட்பமான வகை மைக் ஈரம் பட்டால் படபடவென்று வெடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஏ.சி. அறையில் குளிர்ந்திருந்த மைக்கை வெக்கையான அறைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு செருகுங்கள். குளிர்ந்த உலோகத்தில் நம் ஊர்க் காற்று உடனே வியர்த்துவிடும்.

பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், ஆனால் எர்த் கம்பி இணைத்திருக்காது. அதனால் வரும் இரைச்சலை 50, 100 ஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கலாம். தயவுசெய்து எர்த் பின்னை வெட்டி இரைச்சலைக் குறைக்க முயலாதீர்கள். கிட்டார் கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு படும்போது உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிபார்த்த பிறகே ஆம்பைப் போடுங்கள். அறையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து நீட்டிப்புப் பலகை வழியாகக் கரண்ட் எடுங்கள். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். மின்விசிறி ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது விசிறியையே அணையுங்கள். ஒற்றைச் சுருள் பிக்அப் கிட்டார் என்றால் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்று, இரைச்சல் குறைகிற திசையைப் பார்த்து உட்காருங்கள். கேபிளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒயரும் முனையும் தனியாக வாங்கி நாமே பற்றவைப்பது நல்லது. விலை மலிவு என்பதோடு, பதிவு நடுவில் அறுந்தால் பற்றவைக்கக் கை பழகியிருக்கும்.

குறிலை இழுக்கக்கூடாது

தமிழ் ப்ராக்கில் யாரும் அதிகம் பேசாத பிசிறு இது. ப்ராக்கில் நீளச் சுரம் அதிகம். ஆங்கிலப் பாட்டின் மெட்டைக் காதில் வைத்துக்கொண்டு தமிழை ஏற்றினால் குறில் வருகிற இடத்தில் நாலு அட்சரம் இழுக்க வேண்டி வரும். மலை மாலையாகும், விடு வீடாகும், படம் பாடமாகும். கேட்பவருக்குப் பொருள் கலைந்துவிடும். மெட்டை வைத்துக்கொண்டு, நீளச் சுரம் விழுகிற இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கே நெடில் மட்டும் வரும்படி சொல்லை மாற்றுங்கள். அது முடியாவிட்டால் மெட்டை மாற்றுங்கள்.

சொல்லின் கடைசி உகரமும் அப்படித்தான். காற்று, கிழக்கு, நேற்று என்று முடிகிற சொற்களில் அந்த உகரம் பாதிதான் ஒலிக்கும். அதன்மேல் சுரத்தை நீட்டினால் காற்றூ என்று ஊளையிடும். இழுப்பதானால் கா-வில் இழுங்கள், கடைசியை உதிரவிடுங்கள். ம், ன் என்று முடிகிற சொற்கள் வரம். முணுமுணுப்பாகவே அடுத்த பகுதிக்குக் கடக்கலாம், மேலே சொன்ன ஒட்டுக்கு நல்ல பசை.

ஒற்றைப்படைத் தாளத்தில் மோனை பெரிய துணை. ஏழில், மூன்றின் முதலிலும் நாலின் முதலிலும் ஒரே எழுத்து விழுந்தால் தாளம் தானே தெளியும். "கடலின் கரையிலே" என்று சொல்லிப் பாருங்கள். க-ட-லின், க-ரை-யி-லே, மூன்றும் நாலும். கிளிக் இல்லாமலே நடை நிற்கும். பாடகர் ஏழில் தடுமாறுகிறார் என்றால் பெரும்பாலும் வரிதான் ஏழில் எழுதப்படவில்லை.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடுங்கள், நடுவில் மூச்சுக் குத்தலைத் தடுக்கும் பாப் வடிகட்டி. பகரம் குத்தினால் மைக்கை நேராக வைக்காமல் வாய்க்குச் சற்று மேலே, மூக்குக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று குழுவில் பாடாத ஒருவர் வரியைத் தாளில் வைத்துக்கொண்டு சரிபார்க்கட்டும்.

கலக்குவது

மிக்ஸிங்கில் முதல் ஆல்பம் சேறாகிற இடம் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. கீபோர்டின் இடது கை, டிஸ்டார்ஷன் கிட்டார், பாடகரின் மார்புக் குரல், ஸ்நேரின் உடல் எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் வெட்டுவதற்கு முன், கீபோர்டுகாரர் இடது கையை எடுக்கலாமா என்று பாருங்கள். பேஸ் இருக்கும்போது அந்தக் கைக்கு அங்கே வேலை இல்லை. கிட்டாரில் டிஸ்டார்ஷனை ஒத்திகையில் வைப்பதில் பாதி வையுங்கள். அதே பகுதியை இரண்டு முறை வாசித்து இடம் ஒன்று வலம் ஒன்றாகப் போட்டால் தேவையான கனம் வந்துவிடும். ஒரே டேக்கை நகலெடுத்துப் போட்டால் வராது.

கிக்கும் பேஸும் ஒரே அடித்தளத்தைக் கேட்டால் யாருக்கு என்று பாட்டுக்குப் பாட்டு முடிவு செய்யுங்கள். வேகமான பாட்டில் பேஸ் கீழே, கிக்கின் அடி மேலே. மந்தமான பாட்டில் நேர்மாறு. அறையின் 57 ஹெர்ட்ஸை நம்பி முடிவெடுக்காமல் ஹெட்ஃபோனிலும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் 200-க்குக் கீழே ஏதும் பெரிதாக வராது. அங்கே பேஸ் முற்றிலும் மறைந்தால் அதற்குக் கொஞ்சம் உறுமல் சேர்க்க வேண்டும்.

மாஸ்டரிங்கில், அதாவது கலக்கி முடித்த பாட்டைக் கடைசியாகச் சீர்செய்யும்போது, சத்தத்துக்காக நெரிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்துவிடும். நெரித்துக் கொடுத்தால் நெரிசல் மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள் இருக்கட்டும். ப்ராக்குக்கு மெல்லிய இடமும் பெரிய இடமும் விலகி நிற்பதுதான் உயிர்.

வெளி ஆட்கள் மெருகேற்ற வரும்போது எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழுவின் முதல் ஆல்பம் 1969 மார்ச்சில் வந்தது, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பையன்களுடையது. அவர்கள் வாசித்து முடித்த பிறகு அதன்மேல் வயலின் கூட்டம் ஏற்றப்பட்டது. பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. அப்போது விற்றது சுமார் 650 பிரதிகள். இன்று கேட்டாலும் அந்த வயலின்களுக்கு அடியில் ஒரு நல்ல குழு மூச்சு முட்டுவது கேட்கிறது. உங்கள் பாட்டுக்கு யாராவது ஸ்ட்ரிங்ஸ் போடலாம் என்று சொன்னால், அது எந்த ஓட்டையை மூடுகிறது என்று கேளுங்கள்.

வெளியிடும் முன்

யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, எத்தனை பங்கு என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள், பதிவு தொடங்கும் முன்பே. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒலிப்பதிவின் உரிமை, அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருடையது. அறையையும் எஞ்சினியரையும் வேறொருவர் ஏற்பாடு செய்தால், உரிமை யாருடையது என்று எழுத்தில் இல்லாவிட்டால் சிக்கல்.

பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று நிற்காமல் ஓடுகிறதென்றால், முழு ஆல்பத்தையும் ஒரே நீளக் கோப்பாக மாஸ்டர் செய்து, அலை பூஜ்யத்தைக் கடக்கிற புள்ளியில் வெட்டி, வேவ் கோப்பாகவே ஏற்றுங்கள். எம்.பி.3 ஆக்கினால் தலையிலும் வாலிலும் துளி வெற்றிடம் சேர்ந்து, அவ்வளவு பாடுபட்டுப் போட்ட ஒட்டு விட்டுவிடும். ஸ்ட்ரீமிங்கில் முப்பது நொடி கேட்டால்தான் ஒரு கணக்கு. இரண்டு நிமிடக் காற்றுச் சத்தத்தோடு ஆல்பத்தைத் தொடங்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி, அந்த முப்பது நொடிக்குள் ஒரு சுரமாவது வரவிடுங்கள். அட்டைப் படம் 3000-க்கு 3000 பிக்சல். வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். குழுவின் பெயரை ஒவ்வொரு தளத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குழுவாகப் பிரிந்து நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை, எஃபெக்ட் இல்லாமல், தனி வேவ் கோப்பாக எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். கூடவே வேகம் மாறுகிற இடங்களின் பட்டியல், 3+4 எழுதிய வரைபடத் தாள்களின் படம். ஒரு டிஸ்க் ஒருவர் வீட்டில், மற்றது வேறு பேட்டையில், மாடியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும்.